ஹீ-மேனுக்கு ஒரு ஃபிளெக்ஸ்

அன்புள்ள சார்,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். வயது 44. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை.

ஜூன் 5ஆம் தேதி ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்’ வருகிறது. நாங்கள் சின்ன வயதில் பொம்மையாகவும் கார்ட்டூனாகவும் பார்த்த வாள்வீரன் ஹீ-மேனின் படம். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் நாங்கள் இன்னும் தொடர்பில் இருக்கிறோம். டீசர் வந்த அன்று ராத்திரி ஒருவரும் தூங்கவில்லை, வாட்ஸப்பில் ஒரே கூத்து. ஒருவன் துபாயில் இருக்கிறான், இதற்காகவே லீவு போட்டு வருகிறான். டி-ஷர்ட் அடித்தாயிற்று. தியேட்டர் வாசலில் சின்னதாக ஒரு ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்று விலை கேட்கப் போனோம். கடைக்காரர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவர் எந்தக் கட்சி?” என்று கேட்டார்.

வீட்டில் கிண்டல் தாங்கவில்லை. “இந்த வயசுல பொம்மைப் படத்துக்கு ஃபர்ஸ்ட் ஷோவா?” என்கிறார் மனைவி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்களும் போன வருஷம் ஒரு கட்டுரையில், பொம்மைக் கம்பெனி எடுக்கும் படம் என்பது நாமே காசு கொடுத்துப் பார்க்கிற இரண்டு மணி நேர விளம்பரம் என்று எழுதிவிட்டீர்கள். படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படியானால் எங்கள் சந்தோஷம் எல்லாம் ஒரு விளம்பரத்துக்காகத்தானா?

இன்னொன்று. ஆபீசில் இருபத்தைந்து வயசுப் பையன்கள் திடீரென்று “நாங்களும் ஹீ-மேன் ஃபேன்” என்கிறார்கள். பொம்மையைக் கையால் தொட்டது கிடையாது. அந்த வாள் இரண்டு பாதியாக வரும் என்பதுகூடத் தெரியாது. எரிச்சலாக இருக்கிறது.

கடைசியாக, என் மகளுக்கு எட்டு வயது. தானும் வருவேன் என்று பிடிவாதம். 1987இல் வந்த பழைய படத்தை முதலில் போட்டுக் காட்டிவிட்டு அழைத்துப் போகலாமா?

அன்புடன்,
ஆர்.
வேலூர்

*

அன்புள்ள ஆர்.,

“இவர் எந்தக் கட்சி?” என்ற அந்த ஒரு கேள்விக்காகவே உங்கள் கடிதத்தை இங்கே போடுகிறேன். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதைத்தான் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

விளம்பரம் என்று எழுதியதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அது நடந்த கதை. ஆனால் அந்த வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறதா என்பது வேறு. கொஞ்சம் பின்னால் போய் வரலாம்.

1976இல் ஒரு விண்வெளிப் படத்துக்குப் பொம்மை செய்யும் உரிமை மேட்டல் கம்பெனியின் வாசலுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படம் ‘ஸ்டார் வார்ஸ்’. உரிமை கென்னர் என்ற இன்னொரு கம்பெனிக்குப் போனது. 1977 மே மாதம் படம் வெளியாகி அமெரிக்காவே பைத்தியம் பிடித்து நின்றபோது கென்னரிடம் பொம்மை தயாராக இல்லை. கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. என்ன செய்தார்கள் என்றால், பொம்மை இல்லாத அட்டையை விற்றார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். அட்டைக்குள் ஒரு சான்றிதழ் இருக்கும். அதைத் தபாலில் அனுப்பினால், பொம்மை தயாரானதும் நான்கு உருவங்கள் அடுத்த வருஷம் வீடு தேடி வரும். காத்திருப்பதையே காசாக்கலாம் என்று அந்தத் தொழில் அன்றைக்கே தெரிந்துகொண்டது. உங்கள் ஐவர் அணியின் டி-ஷர்ட்டும் அந்தக் கணக்கில்தான் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கைக்கு வந்ததை விட்டுவிட்ட மேட்டல், தனக்கென்று சொந்தமாக ஒரு வீரன் வேண்டும் என்று தவித்தது. அங்கே ரோஜர் ஸ்வீட் என்ற வடிவமைப்பாளர், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ‘பிக் ஜிம்’ பொம்மைகள் மூன்றை எடுத்து, மேலே களிமண்ணை அப்பி உடம்பைப் பெருக்கினார். ஒன்று காட்டுவீரன், ஒன்று படைவீரன், ஒன்று விண்வெளி வீரன். அதே அலுவலகத்தில் மார்க் டெய்லர் என்பவர் வரைந்து வைத்திருந்த ஓவியங்களும் இருந்தன. ஹீ-மேன் யார் பெற்ற பிள்ளை என்பதில் இந்த இருவருக்கும் இடையே இருந்த தகராறு தீரவே இல்லை. 1982இல் பொம்மை கடைக்கு வந்தது.

ஹீ-மேன் ஏறி வருகிற அந்தப் பச்சைப் புலி இருக்கிறதே, பேட்டில் கேட், அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பிக் ஜிம் வரிசையில் ஒரு புலி இருந்தது. அதன் அச்சு சும்மா கிடந்தது. ஐந்தரை அங்குல ஹீ-மேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் புலி அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. புது அச்சு செய்தால் செலவு. சரி, சேணம் ஒன்றைப் போட்டு அவனை மேலே ஏற்றிவிடு என்று முடித்துவிட்டார்கள். உங்கள் பிள்ளைப் பருவத்தின் வீரவாகனம் ஒரு பழைய அச்சை வீணாக்காத சிக்கனத்தில் பிறந்தது.

கதையும் அப்படித்தான். பெட்டியில் பொம்மையோடு ஒரு குட்டிப் படப் புத்தகம் வைத்தார்கள். வாளைத் தூக்கியதும் ஹீ-மேனாக மாறுவானே இளவரசன் ஆதாம், முதலில் வந்த அந்தப் புத்தகங்களில் அவன் கிடையாது. காட்டுக் குடியை விட்டுக் கிளம்பி வருகிற ஒரு வீரன், அவ்வளவுதான். ஆதாம் பிறகு ஒட்டப்பட்டவன். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியே ஒரு பொருளின் விளம்பரமாக இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருந்த கட்டுப்பாடு ரேகன் ஆட்சியில் தளர்ந்தது. அந்தச் சந்து வழியாக முதலில் நுழைந்தவர்களில் ஹீ-மேன் ஒருவன். 1983 முதல் ஃபில்மேஷன் கம்பெனி 130 பகுதிகள் எடுத்துத் தள்ளியது. காசு மிச்சம் பிடிக்க ஒரே ஓட்டத்தையும் ஒரே குத்தையும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நம் தூர்தர்ஷனில் பார்த்தவர்களுக்கும் அந்த ஓட்டம் மனப்பாடம்.

ஆக, முதலில் பொம்மை. கதை அப்புறம் வந்தது. அதுவும் ஒரே கதையாக வரவில்லை, ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து கதைகளாக வந்தது. இதை எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் பரபரப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் வடஆற்காட்டுப் பக்கம் இது தலைகீழ். சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, முடிவில் ஒரு காலை படுகளம். இந்தக் கத்திரி வெயிலிலும் எங்காவது ஒரு ஊரில் நடந்துகொண்டிருக்கும். கோயில் மைதானத்தில் துரியோதனனை மல்லாக்கப் படுத்தபடி மண்ணில் செய்து வைத்திருப்பார்கள். பெரிய மீசை, உருட்டி விழிக்கும் கண், வண்ணம் பூசிய மார்பு. வீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண்ணுருவத்தைச் சுற்றியும் மேலே ஏறியும் சண்டை போடுவார்கள். வீமன் தொடையில் அடித்ததும் அங்கே புதைத்து வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடும். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சனங்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

யாருக்காவது முடிவு தெரியாமலா இருக்கிறது? எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் இடம் பிடிக்க ஓடுகிறார்கள். கூத்தில் பெரிய வேஷம் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி. கீழே சலங்கைக் கால். உள்ளே நின்றபடியே பாட்டு. கட்டியங்காரன் வெளியே நின்றுகொண்டு வம்புக்கு இழுப்பான். திரை விலகத் தாமதமாக ஆக, கூட்டம் இன்னும் முன்னால் நகர்ந்து உட்காரும். டீசர் செய்கிறவர்கள் செய்வதும் இதேதான். படுகளத்துக்கென்று துபாயிலிருந்து லீவு போட்டு வருகிறவர்களும் நம் ஊர்களில் உண்டு. அவர்களை யாரும் கிண்டல் செய்வதில்லை. உங்கள் நண்பரை மட்டும் ஏன் கிண்டல் செய்ய வேண்டும்?

ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. துரியோதனனுக்குக் கதை முன்பே இருக்கிறது, உருவம் அதற்குப் பிறகு. வியாசர், வில்லிபுத்தூரார், நம் கூத்து வாத்தியார் என்று வழிவழியாக வந்த கதையை மண்ணுருவம் தாங்கி நிற்கிறது. ஹீ-மேன் உருவமாக வந்தவன். கையில் வாள், நெஞ்சில் பட்டை, முகத்தில் ஒரு வெறித்த பார்வை. மற்றதெல்லாம் காலி. அந்தக் காலியிடத்தில் கதை போட்டது பிள்ளைகள்.

என் அக்கா மகனிடம் ஒன்று இருந்தது. லியோ என்ற பெயரில் மேட்டல் பொம்மைகளை இந்தியாவிலேயே செய்து விற்ற காலம் அது. இடுப்புக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி விட்டால் சடாரென்று திரும்பி ஒரு குத்து விடும். சில மாதத்தில் ஸ்பிரிங் தளர்ந்து குத்து பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கால்களை உள்ளே பிடித்திருக்கும் ரப்பரும் இற்றுப்போய், தூக்கினால் இரண்டு காலும் தொளதொளவென்று ஆடும். மேட்டலுக்கு அது உடைந்த சரக்கு. அவன் என்ன செய்தான் தெரியுமா? ஹீ-மேனுக்குச் சண்டையில் கால் ஒடிந்துவிட்டது, சி.எம்.சி.யில் சேர்த்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். தலையணைதான் வார்டு. ஹீ-மேனின் பரம எதிரி ஸ்கெலிட்டர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். எந்தக் கம்பெனி எழுத்தாளரும் இந்தக் கதையை எழுதியிருக்க முடியாது. வேலூர்ப் பிள்ளையால் மட்டுமே முடியும்.

விளம்பரம் என்ற என் வரியில் சேராமல் வெளியே நிற்பது இதுதான். கம்பெனி பொம்மையை விற்கும். விற்ற பிறகு அதற்கு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது கம்பெனியின் கையில் இல்லை. இதை அவர்களே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1986இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற, வண்டியாக மாறும் ரோபோக்களின் கார்ட்டூனைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தபோது ஹாஸ்ப்ரோ கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. பழைய பொம்மைகளை ஓரங்கட்ட வேண்டும், புதுப் பொம்மைகளுக்குக் கடையில் இடம் வேண்டும். ஆகவே தலைவன் ஆப்டிமஸ் பிரைமைப் படத்திலேயே கொன்றுவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை விற்பனைப் பட்டியலில் ஒரு வரியை அடித்தது போலத்தான். தியேட்டரில் பிள்ளைகள் தேம்பி அழுதார்கள். பெற்றோர் கொதித்துப் போனார்கள். அதே கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற தன் படைவீரர் பொம்மைகளின் படத்தில் டியூக் என்ற தளபதியையும் கொல்வதாக எழுதி வைத்திருந்தது. இந்த அழுகையைப் பார்த்துப் பயந்துபோய், அவன் சாகவில்லை, மயக்கத்தில்தான் இருக்கிறான் என்று வசனத்தில் ஒட்டுப் போட்டார்கள். ஆப்டிமஸ் பிரைமையும் 1987இல் தொலைக்காட்சித் தொடரில் உயிரோடு எழுப்பிவிட்டார்கள்.

விற்பனைக் கணக்கை எட்டு வயதுக் கண்ணீர் மாற்றி எழுதிய சம்பவம் தொழில் உலகத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

ஜி.ஐ. ஜோவிலேயே இன்னொருவன் இருக்கிறான், ஸ்னேக் ஐஸ். அவன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1982இல் அந்த வரிசையைத் தயாரிக்கும்போது பெயின்ட் செலவை மிச்சப்படுத்த ஒரே ஒரு உருவத்தை மட்டும் வண்ணமே பூசாமல் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்து விட்டுவிட்டார்கள். முகம் கிடையாது, உடுப்புக்கு விவரம் கிடையாது. லாரி ஹாமா என்ற காமிக்ஸ் எழுத்தாளர் அந்தக் குறையையே குணமாக்கினார். முகம் சிதைந்தவன், பேச்சை இழந்தவன். 1984இல் அவனை வைத்து ஒரு வசனம்கூட இல்லாத இதழ் ஒன்றையே செய்தார். அந்தப் படையில் ரசிகர்கள் அதிகம் கொண்டாடுவது இந்த மிச்சம்பிடித்த பொம்மையைத்தான். 2021இல் அவன் பெயரில் தனிப் படம் எடுத்தார்கள். அதில் அவன் முகம் காட்டினான், வாய் ஓயாமல் பேசினான். படம் படுத்துவிட்டது. எனக்கு ஆச்சரியமே இல்லை. நாற்பது வருஷமாக ஒவ்வொருவனும் தனக்குத்தானே வரைந்து வைத்திருந்த முகத்தின் மேல் ஒரு நடிகரின் முகத்தை ஒட்டினால் வேறு என்ன நடக்கும்?

பொம்மைப் படங்களின் தீராத சிக்கல் இது. நாவலைப் படமாக்கினால் மூலத்தோடு ஒப்பிடுவார்கள். பொம்மைக்கு மூலம் எங்கே இருக்கிறது? சத்துவாச்சாரியில் ஒரு திண்ணையில், குடியாத்தத்தில் ஒரு மொட்டைமாடியில். இயக்குநர் இத்தனை பேரோடும் ஒரே சமயத்தில் போட்டி போட வேண்டியிருக்கிறது. டீசர் பார்த்த ராத்திரி உங்கள் ஐந்து பேருக்கும் தூக்கம் வராததற்கு நடிகர் காரணமாக இருக்க முடியாது. உங்கள் விளையாட்டை அடுத்தவன் ஒருவன் ஆடப் போகிறான், ஒழுங்காக ஆடுவானா என்ற பதைப்புதான் காரணம்.

இப்போது அந்த இருபத்தைந்து வயசுப் பையன்கள். இங்கே நான் உங்கள் பக்கம் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் வேலூரில் எத்தனை வீடுகளில் ஹீ-மேன் பொம்மை இருந்தது? கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி என்பவர்கள்தான் அதிகம். பலர் வீட்டில் டிவியே கிடையாது. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சிலர் வீட்டில் உள்ளே விட்டார்கள், சிலர் வீட்டில் விடவில்லை, அது தனிக் கதை. தென்னை மட்டையை வெட்டி வாளாக்கி, பனியனுக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு தெருவில் கத்தியவன் எந்தப் பொம்மையையும் தொட்டதில்லை. அவன் ரசிகன் இல்லையா? வாள் இரண்டு பாதி என்ற விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹீ-மேனுக்கு ஒரு பாதி, ஸ்கெலிட்டருக்கு ஒரு பாதி, இரண்டையும் சேர்த்தால் கிரேஸ்கல் கோட்டையின் சாவி. பொம்மையிலும் முதல் குட்டிப் புத்தகத்திலும் இருந்த சங்கதி அது. கார்ட்டூன் அதைக் கண்டுகொள்ளவில்லை. டிவியில் மட்டும் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் அளவுகோலை வைத்தால் உங்கள் தெருவிலேயே முக்கால்வாசிப் பேர் தேற மாட்டார்கள்.

இந்தப் பையன்கள் யூடியூப் மீம் வழியாகவோ, ஓடிடியில் வந்த புதுக் கார்ட்டூன் வழியாகவோ உள்ளே வந்திருப்பார்கள். வரட்டுமே. அது ஒரு வாசல். அவர்களிடம் நீங்கள் பரீட்சை வைக்கப் போனால், கட்சி விசாரித்த அந்த ஃபிளெக்ஸ் கடைக்காரரே உங்களைவிட மேல்.

வேண்டுமானால் அவர்களை அழைத்துக்கொண்டு உங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுங்கள். நீங்கள் வேலை பார்க்கிற ராணிப்பேட்டையிலேயே ஃபன்ஸ்கூலின் தொழிற்சாலை இருக்கிறது. எம்.ஆர்.எஃப். 1987இல் ஹாஸ்ப்ரோவோடு கைகோத்து ஆரம்பித்த கம்பெனி. தொண்ணூறுகளில் ஜி.ஐ. ஜோ உருவங்களை இந்தியாவிலேயே வார்த்து விற்றது அதுதான். அமெரிக்க அச்சு, ஆனால் நிறம் மாறியிருக்கும். ஒருவன் உடம்புக்கு இன்னொருவன் தலை, அங்கே யாரும் பார்த்திராத கலர். நமக்கு அதுதான் அசல். இன்றைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த இந்திய நிறங்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ‘அசல் ரசிகன்’ என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் நன்றாக இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. காரணம் இயக்குநர் டிராவிஸ் நைட். 2018இல் ‘பம்பிள்பீ’ எடுத்தவர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் எனக்குத் தலைவலி வராமல் பார்க்க முடிந்த படம் அது. ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய பழைய தொழிலை. லைக்கா என்ற ஸ்டுடியோவில் ஸ்டாப்-மோஷன் படங்கள் செய்தவர். (நம் ஊர் லைக்கா இல்லை, இது அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் இருப்பது.) பொம்மையைக் கையால் கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி கொஞ்சம் நகர்த்து, இன்னொரு படம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படம். பகல் முழுக்கக் குனிந்து நின்று வேலை செய்தாலும் சில விநாடிக் காட்சிதான் தேறும். ‘குபோ அண்ட் தி டூ ஸ்டிரிங்ஸ்’ என்று 2016இல் அவர் இயக்கிய படத்தைப் பாருங்கள். பொம்மையின் தோளை எவ்வளவு சாய்த்தால் அது சோகமாகத் தெரியும் என்று விரலால் கற்றுக்கொண்டவர். ஒரு பொம்மைப் படத்தை அப்படிப்பட்டவர் கையில் கொடுத்திருப்பது, மேட்டல் தெரிந்து செய்ததோ தற்செயலோ, நல்ல காரியம்.

பயமும் இருக்கிறது. 2023இல் ‘பார்பி’ வசூலை அள்ளியதிலிருந்து மேட்டலுக்குத் தன் அலமாரியில் இருக்கிற ஒவ்வொன்றையும் படமாக்கும் ஆசை வந்திருக்கிறது. இந்த ஹீ-மேன் திட்டமும் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்துதான் வந்தது. சோனியிடம் வருஷக்கணக்கில் கிடந்து, நெட்ஃபிளிக்ஸுக்குப் போய், அவர்கள் கைவிட்டு, கடைசியில் அமேசான் எம்.ஜி.எம். எடுத்தது. இப்படி அலைந்த திரைக்கதைகளில் பல கைகளின் ரேகை படிந்திருக்கும். நிக்கோலஸ் கலிட்சின் ஹீ-மேனாக உடம்பை ஏற்றியிருக்கிறார். உடம்பு பொருந்துகிறது. மற்றதைப் பார்ப்போம்.

படத்தோடு புதுப் பொம்மைகளும் கடைக்கு வரும். ஆசைக்கு ஒன்று வாங்குங்கள். தவணையில் முழு வரிசையும் வாங்க வேண்டாம். இறக்குமதிப் பொம்மைகளுக்குச் சுங்க வரியை 2020இல் 60 சதவீதமாகவும் 2023இல் 70 சதவீதமாகவும் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே பையன்கள் பாக்கெட் பணத்தில் வாங்குவது இங்கே உங்கள் ஒரு மாதக் கரண்ட் பில்லைத் தாண்டும். அதே மாதிரி, படம் பிடிக்காதவனோடு இணையத்தில் போய்ச் சண்டை போடாதீர்கள். கம்பெனிக்குச் சம்பளம் வாங்காத அடியாள் தேவையில்லை, அவர்களிடம் சம்பளம் வாங்குகிற ஆட்களே நிறைய இருக்கிறார்கள்.

ஃபிளெக்ஸ் வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை. 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஒரு பெண் மேல் பேனர் சரிந்து, கீழே விழுந்தவர் லாரியில் அடிபட்டுச் செத்தார். அதற்குப் பிறகும் நம் ஊர்களில் ஓயவில்லை. ஆசையை அடக்க முடியவில்லை என்றால் தியேட்டர்காரரிடம் கேட்டு உள்ளே, டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். அடியில் கட்சி பெயரையும் போட்டுவிடுங்கள்: கிரேஸ்கல் முன்னேற்றக் கழகம்.

கடைசியாக மகள். 1987 படத்தை அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். பாவம், என்ன குற்றம் செய்தாள்? அந்தப் படம் வந்தபோதே பொம்மை விற்பனை படுத்துக்கொண்டிருந்தது. 1986இல் அமெரிக்காவில் சுமார் 40 கோடி டாலருக்கு விற்றது, மறுவருஷம் வெறும் 70 லட்சம் டாலர் என்று சொல்வார்கள். எடுத்த கேனன் கம்பெனியிடம் காசு இல்லை. எட்டர்னியா என்ற மாய உலகத்தைக் காட்டச் செலவாகும் என்று கதையை கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடைசிச் சண்டையை, செட்டுக்குப் பணம் தீர்ந்துபோய், இருட்டில் எடுத்து முடித்தார்கள். ஹீ-மேனாக வந்த டால்ஃப் லண்ட்கிரென் நிற்கிறார், நடக்கிறார். ஸ்கெலிட்டராக வந்த ஃபிராங்க் லாங்கெல்லா மட்டும் ஷேக்ஸ்பியர் நாடகம் மாதிரி முழு மூச்சோடு நடித்திருப்பார். தன் பையனுக்கு ஹீ-மேன் பிடிக்கும் என்பதற்காகவே ஒப்புக்கொண்டாராம். டைட்டில் எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஸ்கெலிட்டர் தலையை நீட்டி, திரும்பி வருவேன் என்பான். வர 39 வருஷம் ஆகிவிட்டது. லாங்கெல்லாவுக்காக நீங்கள் ஐந்து பேரும் ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். குழந்தையைச் சேர்க்காதீர்கள்.

அவளைப் படத்துக்கு அழைத்துப் போகலாம். ஆனால் முதலில் சான்றிதழைப் பாருங்கள். 2024 முதல் சென்சாரில் யுஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 13+ என்றால் கூடாது என்று சட்டம் தடுக்காது, முடிவை உங்களிடம் விடுகிறது. அப்படி வந்தால் நீங்கள் முதல் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, பிறகு அவளை ஒரு பகல் காட்சிக்குக் கூட்டிப் போங்கள். முதல் நாள் உங்கள் கூட்டம் போடுகிற கூச்சலில் அவளுக்கு ஒரு வசனமும் காதில் விழாது. போகும் வழியில் யார் நல்லவன், யார் கெட்டவன், புலிக்கு ஏன் சேணம் என்றெல்லாம் விளக்காதீர்கள். மனைவியையும் கூப்பிடுங்கள், கிண்டல் செய்கிறவர்கள்தான் இடைவேளையில் சரியான கேள்வி கேட்பார்கள்.

படம் பார்த்துவிட்டு மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் ஐந்து பேருடைய விமர்சனம் வாட்ஸப் குரூப்பிலேயே இருக்கட்டும்.